பதிவேடும் பிள்ளையும்: வாழ்க்கைத் திறன், உடற்கல்வி, கலை ஆகியவற்றின் மதிப்பீடு பற்றி ஒரு வரலாற்று நோக்கு

திருச்சபைப் பள்ளிகளின் தாளாளர் பொறுப்பு நம் ஆயர்களுள் பலருக்கு விரும்பியோ விரும்பாமலோ வந்து சேர்கிறது. ஆராதனைக்கும் நோயுற்றோர் சந்திப்புக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில், தலைமையாசிரியர் கொண்டுவந்து வைக்கும் பதிவேடுகளை அவர்கள் பார்வையிட வேண்டியிருக்கிறது. அப்பதிவேடுகளுள் ஒன்றைப் பற்றி இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம். அது மொழிக்கோ கணக்குக்கோ உரியதன்று. வாழ்க்கைத் திறன்கள், மனப்பான்மையும் மதிப்புகளும், உடல்நலமும் உடற்கல்வியும், கலையும் கைவினையும் ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையும் எந்நிலையில் இருக்கிறது என்று எழுத்தால் தரமிட்டு வைக்கும் பதிவேடு அது. தமிழ்நாட்டில் 2012–13ஆம் கல்வியாண்டில், முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, முப்பருவ முறையோடு நடைமுறைக்கு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டின் ஒரு பகுதியாக அது நம் பள்ளிகளுக்குள் நுழைந்தது.

இவ்வகைப் பதிவேடு ஒன்றை நாம் ஒருமுறை புரட்டிப் பார்த்தோம். வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தெட்டுப் பேருக்கும் எல்லாக் கட்டங்களிலும் ஒரே தரம். ஒரே மையினால், ஒரே அமர்வில், மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருந்தது. ஆசிரியரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அவர் எதைப் பார்த்து எழுதுவார்? எப்பொழுது பார்ப்பார்? இவ்விரு வினாக்களும் நேற்று எழுந்தவை அல்ல. பிள்ளையின் உடலையும் கைத்திறனையும் நடத்தையையும் மதிப்பிட நம் நாட்டில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பலர் முயன்றிருக்கின்றனர். அம்முயற்சிகளில் சிலவற்றை, உடையார்பாளையம் வட்டத்தை முன்னிட்டு ஈண்டு நோக்குவோம்.

அரண்மனையும் திண்ணையும்

உடையார்பாளையம் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த வட்டம். 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சென்று, 2007இல் அரியலூர் மாவட்டத்துக்குள் அமைந்தது. காலாட்கள் தோழ உடையார் என்னும் பட்டப்பெயர் பூண்ட ஜமீன்தார்கள் அங்கிருந்து ஆண்டனர். அவர்களுடைய அவையில் விளங்கிய இசைவாணர் கனம் கிருஷ்ணையர். தஞ்சை அவைக்கு வந்த பொப்பிலி கேசவையாவிடம் கன மார்க்கத்தைக் கற்று அப்பெயரைப் பெற்றவர் அவர். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர் அவரிடம் இசை பயின்றவர். உடையார்பாளையத்தாரின் ஆதரவையும் பெற்றவர். சாமிநாதையரின் இளமைக்காலத்தில் ஒரு பகுதி அரியலூரிலும் குன்னத்திலும் இப்பகுதிச் சிற்றூர்களிலும் கழிந்தது. ஆதலின் பழைய கல்விமுறையை அறிய விரும்புவோர்க்கு அவருடைய தன்வரலாறு ஒரு கருவூலமாகும்.

அக்காலத்து இசைமாணவன் ஆசிரியரோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தான். அவனுக்குத் தனித் தேர்வு நாள் என்று ஒன்று இல்லை. நாள்தோறும் விடியலில் அவன் பாடுவதை ஆசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் குரல் எப்போது உடையும், எந்தப் பிடியில் தடுமாறுவான், பசித்தால் எப்படி நடந்துகொள்வான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவையில் பாட அவர் இசைவு தந்த நாளே சான்றிதழ். மதிப்பீடு எழுதப்படவில்லை, ஆயினும் அது மிகக் கடுமையான மதிப்பீடு.

இதைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிட நாம் முன்வரவில்லை. அந்த வாசலுக்குள் நுழையத் தக்கவர் யார் என்பது பிள்ளையின் திறனைப் பார்ப்பதற்கு முன்னரே பிறப்பினால் தீர்க்கப்பட்டிருந்தது. நுழைந்தவருக்கும் ஆசிரியரின் விருப்பு வெறுப்பே எல்லை. சாமிநாதையர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயிலத் தொடங்கியபோது, கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்றுவந்தார். இசையில் மனம் சென்றால் இலக்கியப் பயிற்சி தளரும் என்று ஆசிரியர் கருதியதை அறிந்து, இசைப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார். தந்தை மகனுக்கு அளிக்க விரும்பிய கலை அவ்வாறு நின்றது. பாடநூற் கல்விக்கு இடையூறு என்று கலையை ஒதுக்குவது நம் காலத்துப் பெற்றோரின் கண்டுபிடிப்பு அன்று.

திண்ணைப் பள்ளியின் நிலை வேறு. அங்கு மணலிலும் ஏட்டிலும் எழுத்து, எண்சுவடி, நெல்லிலக்கம் ஆகியவை முதன்மை பெற்றன. ஏடு வாரவும் எழுத்தாணி பிடிக்கவும் பழகுவது கல்வியின் பகுதியாகவே இருந்தது. நெல்லை அளக்கவும் வட்டி கணக்கிடவும் தெரிந்த பிள்ளை ஊரில் பிழைத்துக்கொள்வான். இன்று வாழ்க்கைத் திறன் என்று நாம் பெயரிட்டழைப்பதில் ஒரு பகுதி அங்கே பாடமாகவே அமைந்திருந்தது எனலாம். மாலையில் பிள்ளைகள் கலையும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் எனப் பெயர் சொல்லியனுப்பி, மறுநாள் காலையில் அதைக் கேட்கும் வழக்கத்தைச் சாமிநாதையர் விவரிக்கிறார். நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்துப் பாடிக்கொண்டு வீடுவீடாகச் சென்று ஆசிரியருக்குக் காணிக்கை பெற்றுவந்தனர். ஆட்டமும் பாட்டும் ஆண்டில் அந்தச் சில நாள்களுக்கு உரியவை. மற்ற நாள்களில் பிள்ளையின் உடலைப் பள்ளி கவனித்தது பெரும்பாலும் தண்டனைக்காகவே. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத்தை முதியோர் சொல்லக் கேட்டிருப்போம்.

1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர் என்ற தொகை 1826இல் அவருடைய குறிப்பில் இடம்பெற்றது. எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை, என்ன சாதி, ஆணா பெண்ணா என்று கேட்ட படிவம், பிள்ளை என்ன கற்றது என்று கேட்கவில்லை. பெல்லாரி ஆட்சியர் காம்ப்பெல் 1823இல் தாமாக முன்வந்து எழுதிய விவரம் அதனால் அருமையுடையது. காலையில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும், இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழி, புகழும் இல்லை பழியும் இல்லை என்பதற்கு அடையாளமாக, மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, இவ்வாறு ஏறிக்கொண்டே போகும். முன்னேரத்தில் எழும் பழக்கத்துக்கு, உள்ளங்கையையே பதிவேடாகக் கொண்ட தினசரி மதிப்பீடு இது. தொலைவிலிருந்து நடந்துவரும் பிள்ளைக்கும் வீட்டில் மாடு பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கும் அது என்ன நீதி வழங்கியது என்று கேட்பவர் அன்று இல்லை.

எழும்பூரில் ஒரு கறுப்புப் புத்தகம்

நம் நாட்டுத் திண்ணையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற ஒரு வழக்கத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஆங்கிலத் திருச்சபைக் குருவாகிய ஆண்ட்ரூ பெல், 1789இல் எழும்பூரில் தொடங்கிய ஆண்பிள்ளைகள் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் விடுதியில் புகுத்தினார். மூத்த பிள்ளையே இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் நிலைநாட்டினார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு நூல் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளை மாற்றியது. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்து புகழ்பெற்றார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

நமக்கு இங்கு வேண்டுவது அவ்விடுதியில் இருந்த கறுப்புப் புத்தகம். பிள்ளைகளின் குற்றங்கள் அதில் எழுதப்பட்டன. வாரத்துக்கு ஒருமுறை அது திறக்கப்படும்போது, பிள்ளைகளே நடுவர்களாக அமர்ந்து தீர்ப்புக் கூறினர். நடத்தையைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் நம் மண்ணில் அவ்வாறு தொடங்கியது எனக் கொண்டால், அதில் இரு கூறுகள் கருதத்தக்கவை. குற்றம் மட்டுமே எழுதப்பட்டது என்பது ஒன்று. எழுதப்பட்டவனின் தோழர்கள் முன்னிலையில், அவன் விடையளிக்க வாய்ப்போடு அது படிக்கப்பட்டது என்பது மற்றொன்று. முதலாவது கூறு நம்மிடம் தங்கியது, இரண்டாவது மறைந்தது. இன்று எந்தப் பள்ளியிலேனும் தனக்கு எழுதப்பட்ட தரத்தைப் பிள்ளை கேள்வி கேட்க இடமுண்டா?

தலைக்கு இவ்வளவு காசு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதிப்பீட்டோடு பணம் பிணைந்தது. 1862இல் இங்கிலாந்தில் இராபர்ட் லோ கொண்டுவந்த விதிப்படி, ஆய்வாளர் முன் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேறிய பிள்ளைகளின் தலையை எண்ணிப் பள்ளிக்கு மானியம் வழங்கப்பட்டது. அதே பத்தாண்டுக்குள் சென்னை மாகாணமும் தேர்ச்சிக்கேற்ற மானியம் என்ற இம்முறையை மேற்கொண்டது. நம் மறைப்பணி அமைப்புகளின் கிராமப் பள்ளிகளில் பல இம்மானியத்தால் உயிர்வாழ்ந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆய்வாளர் வரும் நாளே ஆண்டின் பெருநாள். அந்நாளில் கேட்கப்படாத எதுவும் பள்ளியில் இல்லாமற் போயிற்று. பாட்டுக்கு மானியம் இல்லையெனில் பாட்டுக்கு நேரமும் இல்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளையையும் அன்று தூக்கிவர வேண்டிய நெருக்கடி ஆசிரியருக்கு. அவருடைய அடுத்த ஆண்டுச் சோறு அப்பிள்ளையின் வாயில் இருந்தது.

1882இல் அமைந்த ஹண்டர் கல்விக்குழுவில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் டாக்டர் வில்லியம் மில்லர் ஓர் உறுப்பினர். அக்குழு, நாட்டு விளையாட்டுகளும் உடற்பயிற்சியும் அணிவகுப்பும் ஊக்குவிக்கப்பட வேண்டும் என்றது. பள்ளியின் கற்பித்தலும் ஒழுங்கும் பிள்ளைகளின் பழக்கத்தையும் நடத்தையையும் குணத்தையும் நல்வழிப்படுத்துவனவாக உள்ளனவா என்று ஆய்வாளர்கள் பார்க்க வேண்டும் எனவும் கூறியது. உடலும் பண்பும் கல்வியின் பொருள் என்று அரசின் ஏட்டில் தெளிவாக ஏறிய இடம் இது. ஆனால் அதே குழு தொடக்கப் பள்ளிகளின் மானியத்தைத் தேர்ச்சியோடு பிணைக்கும் முறையையும் பெரிதும் ஏற்றுக்கொண்டது. ஒரு கையால் விளையாட்டைக் கொடுத்து மறுகையால் அதற்குரிய நேரத்தை எடுத்துக்கொண்டது என்பதே நம் கருத்து. கர்சன் பிரபுவின் 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானம் அம்மானிய முறையைக் கண்டித்தது. சில ஆண்டுகளுக்குள் சென்னையிலும் அது கைவிடப்பட்டது. ஒரு தலைமுறைக்கு மேல் அதில் பழகிய ஆசிரியரின் கண் உடனே மாறிவிடவில்லை.

நாற்கோண வளர்ச்சி

உடற்கல்விக்கு நம் மாகாணத்தில் உண்மையான வாழ்வு தந்தது ஓர் அரசாணை அன்று. இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்க்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில் இன்று நிற்கும் கல்லூரி அதன் வளர்ச்சியே. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்திய அணியோடு சென்றவரும் அவரே. 1943இல் மறையும்வரை இந்நாட்டிலேயே உழைத்தார். அவருக்கு முன் பள்ளிகளில் இருந்தது ஓய்வுபெற்ற படைவீரர் நடத்திய டிரில். வரிசையில் நிற்பதும் காலை ஒருசேரத் தூக்குவதுமே அதன் அளவுகோல். கட்டளைக்குப் பணிந்தவன் தேறினான். பக் அவர்களின் மாணவர் விளையாட்டுத் திடலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தனர். திடலில் பிள்ளை தோற்பதும் விட்டுக்கொடுப்பதும் சினம் கொள்வதும் தோழனைத் தூக்கிவிடுவதும் ஆசிரியரின் கண்ணுக்கு நேரே நிகழ்ந்தன.

இச்சங்கம் பிள்ளையின் முழு வளர்ச்சியை அளக்கவும் முயன்றது. இளமையில் இயேசுவின் வளர்ச்சியை நான்கு வகையாக லூக்கா எழுதியிருப்பதை நம் வாசகர் அறிவர். அதை அடிப்படையாகக் கொண்டு, 1910களில் கனடாவில் அறிவு, உடல், சமயம், சமூக உறவு என்னும் நான்கு துறைகளிலும் சிறுவரை மதிப்பிட்டு, அதைப் படமாகவே வரைந்து காட்டும் திட்டத்தை ஏற்படுத்தினர். ஒரு பக்கம் குறைந்தால் படம் கோணலாகும். வளர்ந்தவர் ஒருவர் சிறுவனோடு அமர்ந்து பேசி அதை நிரப்புவார். இன்றைய பள்ளிப் பதிவேட்டின் முன்னோடிகளுள் ஒன்று என இதைக் கருதுகிறோம். பக்தியை மதிப்பெண்ணால் அளக்கலாமா என்ற ஐயம் எழுவது இயல்பே. இறையியல் கல்லூரிகளில் ஆன்மிக உருவாக்கத்துக்குத் தரம் எழுதும்போது ஆசிரியர்களின் கை சற்றுத் தயங்குவதும் அதனால்தான். ஆயினும் அமர்ந்து பேசுதல் என்ற அந்த ஒன்றை நாம் இழந்துவிட்டோம்.

கையின் கல்வியும் சாதியின் நிழலும்

உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பகுதிகளில் தறியோசை கேளாத தெருக்கள் சிலவே. முந்திரிக் காடுகளும் உண்டு. நெசவாளர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வருமுன்னரே இழை அறுவதைச் செவியால் அறியும். அத்திறனுக்குப் பள்ளியில் எந்தக் கட்டமும் இல்லை. கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைக்க எழுந்த பெருமுயற்சி 1937இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியாகும். ஜாகீர் உசேன் தலைமையில் அதற்குத் திட்டம் வகுத்த குழுவில் தமிழ்க் கிறிஸ்தவர் இருவர் இருந்தனர் என்பதை நம் சபைகளில் பலர் அறியார்: ஜே. சி. குமரப்பா ஒருவர், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஈ. டபிள்யூ. ஆரியநாயகம் மற்றவர். நூற்றல் முதலிய தொழிலில் பிள்ளை ஈட்டும் பொருளே பள்ளியைத் தாங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அத்திட்டத்தில் இருந்தது. அங்கும், நூலின் விலை பிள்ளையின் மதிப்பாகிவிடும் இடர் ஒளிந்திருந்தது.

1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் இதைவிடக் கசப்பான நினைவு. ஊர்ப்புறப் பள்ளிகளில் பாட நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. எஞ்சிய நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு மக்கள் எதிர்த்தனர். 1954இல் காமராசர் அரசு அதை நீக்கியது. தொழில் உயர்ந்தது என்று மேடையில் சொல்வோரின் பிள்ளைகளுக்கு அத்தொழில் விதிக்கப்படவில்லை. தோட்டியின் பிள்ளைக்கு எந்தத் தொழில் விதிக்கப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. கைத்திறனைப் பள்ளி மதிப்பிடத் தொடங்குகையில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஐயத்தோடு நோக்குவதற்கு இந்த வரலாறே காரணம்.

நடத்தையின் மதிப்பீட்டில் இந்நிழல் இன்னும் அடர்த்தியானது. அடக்கம், பணிவு, மரியாதை என்னும் சொற்களால் ஒரு பிள்ளையை அளக்கும்போது, யாருக்கு முன் அடக்கம் என்ற வினா மறைந்துகொள்கிறது. சேரியிலிருந்து வரும் பிள்ளை வாய்திறவாது நின்றால் மந்தம். எதிர்க்கேள்வி கேட்டால் திமிர். நம் சபைகளே இதில் தூய்மையானவை அல்ல. சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று ஆயர் டேனியல் வில்சன் 1833இல் கட்டளையிட்டபோது தஞ்சைக் கிறிஸ்தவர்களில் ஒரு சாரார் எவ்வளவு கடுமையாக எதிர்த்தனர் என்பதை நாம் திருச்சபை வரலாற்றில் படித்திருக்கிறோம். அத்தகைய சபைகளின் பள்ளிகளில் அமர்ந்திருந்த ஆசிரியர், பிள்ளையின் குணத்தை எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்?

மூன்று அரை நாள்கள்

விடுதலைக்குப் பின் எழுந்த அறிக்கைகளை விரிவாகப் பேச இடமில்லை. டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு 1953இல் ஒவ்வொரு மாணவருக்கும் தொடர் பதிவேடு வேண்டும் என்றது. 1966இல் கோத்தாரிக் குழு, பொதுத்தேர்வினால் அளக்க இயலாத பண்புகளையும் பள்ளியே மதிப்பிட வேண்டும் என்றது. இரண்டும் நல்ல ஏடுகள். ஊரில் எஞ்சியதோ மாற்றுச் சான்றிதழின் ஒரு கட்டத்தில் எல்லாருக்கும் எழுதப்படும் ‘நன்று’ என்ற ஒரு சொல்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதை மாற்ற முயன்றது. ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளியில் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று அதன் அட்டவணை கூறியது. அதன்படி தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012இல் 16,549 பேர் நியமிக்கப்பட்டனர். தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். பணி வாரத்தில் மூன்று அரை நாள்கள். அதே ஆண்டில்தான் முழுமையான மதிப்பீடும் வந்தது. பாடங்களுக்கு வளரறி மதிப்பீடு 40, தொகுத்தறி மதிப்பீடு 60 என மதிப்பெண் வகுக்கப்பட்டது. வாழ்க்கைத் திறனுக்கும் உடலுக்கும் கலைக்கும் எழுத்துத் தரம் போதும் எனப்பட்டது. வாழ்க்கைத் திறன்கள் பத்து என்ற பட்டியல் 1990களில் உலக சுகாதார நிறுவனம் தொகுத்தது. தன்னை அறிதல், பிறர் துன்பம் உணர்தல், முடிவெடுத்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல் முதலியன அதில் அடங்கும். இவற்றை ஒரு பிள்ளையிடம் காண மூன்று அரை நாள்கள் போதுமா? கனம் கிருஷ்ணையரின் ஆசிரியருக்குப் போதாது.

உடையார்பாளையத்துப் பயறணீசுவரர் கோயிலைப் பற்றி ஊரார் சொல்லும் ஒரு கதை உண்டு. சுங்கம் கொடுக்க விரும்பாத வணிகன் தன் மிளகு மூட்டைகளைப் பயறு என்று சொல்லிக் கடந்தானாம். பின்னர் அவிழ்த்துப் பார்க்கையில் உள்ளே பயறே இருந்ததாம். நம் பதிவேடுகளுக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. ‘ஏ’ என்று எழுதிவிட்டதனால் பிள்ளை அப்படி ஆகிவிடுவதில்லை.

2022–23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தப்பட்டு வருவதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம். பறையும் கரகமும் பள்ளி மேடையில் ஏறியது சிறிய செய்தி அன்று. எனினும் போட்டி வெற்றியாளரைத் தேடுகிறது. ஏழாவது இடத்தில் நின்று பாடிய பிள்ளை சென்ற ஆண்டைவிட நன்றாகப் பாடியதை அது பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வேண்டியவர் வகுப்பாசிரியர். பாட நிறைவுக்கு நாள் போதாதபோது உடற்கல்விப் பாடவேளையையும் ஓவியப் பாடவேளையையும் கணக்குக்கு விட்டுக்கொடுப்பவரும் அவரே. நம் பள்ளிகளில் அவ்வாறு விட்டுக்கொடுக்கும்போது தாளாளர் ஆகிய நாம் அதைத் தடுத்ததாக நினைவில்லை. பொதுத்தேர்வு விழுக்காட்டை ஆண்டறிக்கையில் படித்துக் கைதட்டல் பெற்றதே நினைவிலிருக்கிறது.

அடுத்த பருவத்தில் அப்பதிவேடு நம் மேசைக்கு வரும்போது ஒன்று செய்யலாம் என எண்ணுகிறோம். அதில் ஒரு பெயரைத் தொட்டு, இந்தப் பிள்ளை மதிய உணவுக்குப் பின் என்ன விளையாடுகிறாள், யாரோடு விளையாடுகிறாள் என்று வகுப்பாசிரியரிடம் கேட்கலாம். அவருக்குத் தெரியாவிட்டால், அவ்வகுப்பின் கால அட்டவணையைக் கேட்டு வாங்கி, உடற்கல்விப் பாடவேளை எங்கே போயிற்று என்று பார்க்கலாம்.